ஒன்பது முறை அணைந்தது

லாரி கிளம்ப ஐம்பத்து நான்கு மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பதினோராயிரம் பிரேக் ஷூக்கள் வடக்கே ஒரு பைக் கம்பெனிக்குப் போக வேண்டும். அவற்றோடு ஒரு காகிதக் கட்டும் போக வேண்டும். ஒவ்வொரு ஷூவும் ஓவனுக்குள் நூற்று எண்பது டிகிரியில் நாற்பது நிமிடம் இருந்தது, அதன் மேல் பிரேக் பட்டையை ஒட்டிய பசை இறுகிவிட்டது என்பதற்கான அத்தாட்சி அது.

அந்தக் காகிதத்தை அச்சடித்துக்கொண்டிருந்தபோது லாப்டாப் அணைந்தது.

சத்தமே இல்லை. திரை கறுத்துப்போனது. பிரின்டர் பதினேழாவது பக்கத்தைப் பாதி வெளியே தள்ளிவிட்டு நின்றது.

செங்கல்வராயன் சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் மேலாளர். தினமும் திருவள்ளூரிலிருந்து காரில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வருவார்.

"இன்னாம்மா, திரும்பவும் பூட்டுச்சா?"

"ஆமா சார்."

"இது எத்தினியாவது தடவ?"

எனக்குத் துல்லியமாகத் தெரியும். இந்த லாட், அதாவது இந்தப் பதினோராயிரம் ஷூக்கள், பகுதி பகுதியாக ஓவனுக்குள் போய்வந்த ஆறு நாட்களில் ஒன்பது முறை. இது பத்தாவது.

"அப்பப்ப ஆவுது சார்" என்றேன்.

லாப்டாப்புக்கு ஒன்பது வயதாவது இருக்கும். கொரியாவில் மூடிப்போன ஓர் ஆலையிலிருந்து ஓவனை வாங்கியபோது கூடவே வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓவனின் வெப்பத்தை எடுத்துப் பதியும் புரோகிராம் அதில் மட்டும்தான் இருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார்கள், ஏறவில்லை. சூட்டால்தான் அணைகிறது என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். மே மாதம். என் அறைக்குப் பின்சுவரை ஒட்டி ஓவன். லாப்டாப்புக்கு அடியில் நான்கு சோடா மூடிகளை வைத்துத் தூக்கியிருந்தேன். ஓவன் பார்க்கும் சிரஞ்சீவி அண்ணன் ஒருநாள் ஈரத்துணியைக் கொண்டுவந்து மேலே போடப் பார்த்தார்.

"இதுக்கு வயசாயிப்போச்சு மேடம். பென்சன் குத்து ஊட்டுக்கு அனுப்பு" என்பார். நான் டிரெய்னி என்பது அவருக்குத் தெரியும். மேடம் என்று கூப்பிட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன் என்பதும் தெரியும்.

செங்கல்வராயன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஹரிதா, நீயே இத்த எடுத்துக்கினு திருப்பதி போ. பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு கட கீது, போர்டு வரைக்கும் பாப்பாங்க. சரி பண்ணு. இன்னாத்துக்கு ஆஃப் ஆவுதுன்னு எழுதி வாங்கிக்கினு வா. கஸ்டமர் கேட்டா காட்டணும்."

"எழுதியா சார்?"

"ஆமா, எழுதி. இன்னா, இப்டி முழிக்கிறே? பஸ்சுல தனியா போ மாட்டியா?"

"போவேன் சார்."

பயம் பஸ்ஸைப் பற்றியது அல்ல. ஒரு கம்ப்யூட்டர் தான் எப்போது அணைந்தது என்பதைத் தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். அது குறித்து வைத்திருக்கும் நேரங்களில் என்னுடைய ரீடிங்குகள் இருந்தன. லாப்டாப் செத்துக் கிடந்த நேரத்தில் ஓவன் நூற்று எண்பது டிகிரியில் இருந்ததாக அச்சடித்த காகிதம் சொன்னது. அந்த எண்களை எழுதியவள் நான்.

இதை எப்படித் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்த மூன்று வருடமும் என் ரெக்கார்டு நோட்டுக்கு நல்ல பெயர். எங்கள் காலேஜில் முப்பத்தாறு பேருக்கு இரண்டு ஸ்டாப்வாட்ச் இருந்தன. அதில் ஒன்று ஓடாது. ஊசல் சோதனைக்கு விடை என்ன வர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிப் போய் ரீடிங்கை எழுதுவோம். மற்றவர்கள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதி மாட்டிக்கொள்வார்கள். நான் மாட்டியதில்லை. நிஜமான ரீடிங் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம் எனக்குக் கைவந்திருந்தது. பிராக்டிகலில் ஐம்பதுக்கு ஐம்பது. அதைத் தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

இங்கே லாப்டாப் அணைந்தால் அந்த மணி நேரத்து ரீடிங் அழிந்துவிடும். கட்டங்கள் சிவப்பாக நிற்கும். சிவப்பு இருந்தால் லாட் நகராது. எனக்கு முன்னால் இருந்த டிரெய்னி போகும்போது, புரோகிராமில் கையால் எண்ணை நிரப்ப ஓர் இடம் இருப்பதைக் காட்டிவிட்டுப் போனாள். முதல் முறை கை தயங்கியது. பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுதும் கருவிதானே நின்றது, ஓவன் நிற்கவில்லையே. அது எப்போதும் போலக் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். 179.6 என்று எழுதினேன். அடுத்ததில் 180.2. அடுத்ததில் 180.1. சிவப்பு போனது.

மே மாதக் கடைசியில் என் ஆறு மாதம் முடிகிறது. என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்பது செங்கல்வராயன் சார் கையில்.

லாப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். சத்தியவேட்டிலிருந்து பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு மூன்று மணி நேரம். பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "உள்ள குழந்தையா வெச்சிக்கீறே?" என்று கேட்டுச் சிரித்தாள்.

கடையில் இருந்தவர் வரலட்சுமி. முப்பது வயது இருக்கும். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு ஏதோ ஒரு போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

"ரா ம்மா, உக்காரு. ஏமைந்தி? என்ன ஆச்சு இதுக்கு?"

"திடீர்னு ஆஃப் ஆவுதுக்கா. சூட்டால."

"சூடுன்னு நீயே சொல்லிட்டா நான் எதுக்கு?" என்று சொல்லி லாப்டாப்பைக் கவிழ்த்தார்.

திறந்தார். ஊதினார். உள்ளே தூசி அதிகம் இல்லை. மூடி, ஓடவிட்டு, நான்கு வீடியோக்களை ஒரே சமயத்தில் போட்டார். காற்று வெளியேறும் துவாரத்தில் என் துண்டையே வைத்து அடைத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. மேல்பக்கம் கை வைக்க முடியாத சூடு. அணையவில்லை.

"சூடு இல்ல" என்றார். மெமரிப் பலகையைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். சார்ஜர் ஊசியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். எதற்கும் அசையவில்லை.

பிறகு சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை கறுத்தது. காலையில் கறுத்த அதே மாதிரி.

"அதான பாத்தேன். பேட்டரி செத்து வருஷக்கணக்கு ஆச்சு. உள்ள வெறும் டப்பா." பிளக்கை மாட்டி, லாப்டாப் எழும்பியதும் எங்கெங்கோ போய் ஒரு பட்டியலைத் திறந்தார். நான் பயந்த பட்டியல் அதுதான்.

"மூணு நாப்பது. நாலு பத்து. மூணு அம்பத்தஞ்சு. நாலு இருவது. பாத்தியா? இன்னிக்குக் காலைல ஒண்ணத் தவிர எல்லாம் சாயங்காலம் மூணுலருந்து அஞ்சுக்குள்ள. சீக்கு வந்த லாப்டாப் கடிகாரம் பாத்தா சாவும்? உங்க ஊர்ல அந்த நேரத்துல கரண்டு வெட்டுது. ஒரு செகண்டு போதும். பேட்டரி இருந்தா தாங்கும். இதுல இல்ல, அதனால விழுது. லாப்டாப் மேல தப்பே இல்ல."

"லைட்டு நிக்கலியே அக்கா. ஃபேனும் ஓடிக்கினுதான் இருந்துச்சு."

"அதெல்லாம் யூபிஎஸ்ல இருக்கும். லாப்டாப்பையும் அதுல போட வேண்டியதுதான?"

எங்கள் அறையில் யூபிஎஸ் பிளக் ஒன்றே ஒன்றுதான். ஆயுத பூஜையன்று வெங்கடேசப் பெருமாள் படம் மாட்டி, சுற்றிலும் சீரியல் விளக்கு போட்டார்கள். விளக்கு அணையக் கூடாது என்று அதை யூபிஎஸ்ஸில் செருகினார்கள். அதற்குப் பிறகு பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை.

"அதுல சாமி வெளக்கு கீதுக்கா."

வரலட்சுமி அக்கா சிரித்துவிட்டார். "பாகுந்தி! ஏழுமலையானுக்கு பேக்கப்பு, கம்பெனிக்கு இல்ல!" உள்ளே இருந்த யாரிடமோ தெலுங்கில் சொல்லி மறுபடி சிரித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். "சரி, அதே லைன்ல வேற என்ன ஓடுது? ரிப்போர்ட்டுல போடணும்."

லாப்டாப் செருகியிருந்த பிளக் பின்சுவரில் இருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓவனின் மின்பெட்டி. கரண்டு ஒரு நொடி வெட்டினால் லாப்டாப் விழுகிறது. ஓவனின் ஹீட்டர்? சிரஞ்சீவி அண்ணன் சில சாயங்காலங்களில் எதிர் வரிசையிலிருந்து ஓடிவந்து மின்பெட்டியில் ஒரு பச்சை பட்டனை அமுக்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

"ஏம்மா, நின்னுட்டே தூங்கறியா? வேற என்ன ஓடுது?"

"தெரியலக்கா."

அவர் எழுதினார். பேட்டரி செயலற்றுவிட்டது, மின்வெட்டால் அணைகிறது, லாப்டாப்பில் வேறு குறை இல்லை. முத்திரை குத்தினார். வேறொரு பழைய லாப்டாப்பின் பேட்டரியை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. பிளக்கைப் பிடுங்கினார். இப்போது திரை கறுக்கவில்லை.

"இந்தப் பழைய பட்டியல காலி பண்ணிடவா? குப்ப. க்ளீனா இருக்கும்."

ஒரு சொடுக்கு. அதோடு தீர்ந்தது. ஒன்பது முறையும் இல்லாமல் போகும்.

"பண்ணிடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கு எப்படிக் கேட்டதோ.

"அழிக்கறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வெக்கவான்னு கேக்குது."

"வெக்கட்டும்" என்று வாய் சொல்லிவிட்டது. ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பென் டிரைவை நீட்டினேன். லாப்டாப்பில் பட்டியல் வெறுமையாயிற்று. என் பையில் மட்டும் அது இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இல்லை. புத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். இனிமேல் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்ற நினைப்பு முதலில் கொஞ்சம் தெம்பாக இருந்தது. நாராயணவனம் தாண்டியதும் அதுவே பயமாக மாறியது. யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றால், நான் சொன்னால்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை செங்கல்வராயன் சார் ரிப்போர்ட்டைப் படித்தார். கரண்டு என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவருக்கு ஓவன் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். வந்தது.

"கரண்டு வெட்டிக்கினே இருந்துக்கீதா? ஓவன் இன்னா ஆச்சு அப்போ? ரீடிங்க காட்டு."

காட்டினேன். ஒன்பது இடங்களையும் அவர் விரல் தாண்டிப் போனது. 179.7. 180.3. 179.9.

"பாத்தியா, கோடு கிழிச்ச மாதிரி நிக்குது. கொரியாக்காரன் கொரியாக்காரன்தான்" என்றார். "குட். நாளிக்கி அனுப்பிடலாம்."

நான் எழுதிய எண்கள்தான் அவரைச் சமாதானப்படுத்தின. நான் இடத்தை வெறுமையாக விட்டிருந்தால் அந்த நிமிடமே பிடித்திருப்பார்.

அன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்து திரையை விட்டு நான் அசையவில்லை. மூன்று மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு மூலையில் இருந்த பேட்டரிப் படம் ஒரு தடவை மின்னி அடங்கியது. லாப்டாப் அணையவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுழன்றது. பெருமாள் படத்தைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. எதுவுமே நடக்கவில்லை போல இருந்தது.

திரையில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஓவனின் எண் இறங்கத் தொடங்கியது.

176. 169. 161. முதல் முறையாக அது இறங்குவதைக் கூடவே இருந்து பார்த்தேன். பாம்பு நகர்வதைப் பார்ப்பதுபோல எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். 152. 144. உள்ளே அடுத்த லாட்டின் அறுநூறு ஷூக்கள் இருந்தன. எழுந்து ஓடினேன்.

சிரஞ்சீவி அண்ணன் எதிர் வரிசை ஓவனில் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். முன்பு ஓவனுக்கு ஓர் ஆளாக இருந்தார்கள். மார்ச்சிலிருந்து இரண்டுக்கும் இவர் ஒருவர்தான்.

"அண்ணா, ஓவன் ஆறிக்கினு கீது."

"வுழுந்துட்ச்சா?" கையுறையைக் கழற்றாமலே வந்து பச்சை பட்டனை அமுக்கினார். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. "கரண்டு வெட்டுனா ஹீட்டரு தானா வராது. இத்த அமுக்கணும். அவ்ளோதான். இதுக்கா இப்டி ஓடியாந்தே? நாய் தொரத்துதுன்னு நெனிச்சிக்கினேன்."

"தெனமும் ஆவுதா?"

"வெயில் நாள்ல ஆவும்."

"அமுக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"கிட்ட இருந்தா ஒடனே. அந்தாண்ட தட்டு எறக்கிக்கினு இருந்தா பத்து நிமிசம், இருவது நிமிசம். ரெண்டு காலு, ரெண்டு கையி, எனக்கு இன்னா இன்னொன்னா மொளைக்கும்? சூடு எங்க போவுது, கதவு மூடிக்கினுதான கீது." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "ஏம்மா, ரீடிங்கு சரியாத்தான வந்துக்கினு இருந்துச்சு? சாரு கூட ஒண்ணும் கேக்கலியே. கோடு மாதிரி கீதுன்னு சொன்னாரே. அத்த நம்பித்தான் நானும் மெதுவா வருவேன்."

நான் அறைக்குத் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் சத்தியவேட்டில் இறக்கிவிட்டது. என் அப்பா, என் நைனா, மொபெட்டோடு காத்திருந்தார். எங்கள் ஊர் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். நைனாவுக்கு இப்போது எண்பது சென்ட் நிலம் இருக்கிறது, வேர்க்கடலை போடுகிறார். அதற்கு முன்னால் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிதான். எங்கள் தெருவில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற முதல் பெண் நான்.

ஏரிக்கரையிலிருந்து ரோடு சரேலென்று இறங்கும். வழக்கமாக எனக்கு அங்கே காற்று பிடிக்கும். அன்று எதிரே மேலேறி வந்த ஒவ்வொரு பைக்கின் சக்கரத்தையும் பார்த்தேன். ஒரு பைக்கில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. சக்கரத்துக்குள் உள்ளங்கை அளவுக்கு இரண்டு வளைந்த துண்டுகள். அலுமினியத்தின் மேல் பசையால் ஒட்டிய ஒரு பட்டை. பிடி அமுக்கும்போது அந்தப் பட்டைதான் வண்டியை நிறுத்துகிறது.

நைனாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி, புச்சா பயப்படுறே? நேத்திக்கா வண்டி ஓட்டக் கத்துக்கினேன்?"

"மெதுவா போ நைனா."

"பர்மனென்ட்டு ஆவட்டும், நீயே ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கோ. அப்பத் தெரியும் மெதுவா போறது." பிரேக்கைப் பிடித்தார். மொபெட் சிணுங்கி நின்றது. வீடு வந்துவிட்டிருந்தது.

சனிக்கிழமை எட்டரை மணிக்கே அறையில் இருந்தேன். ஓவனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஷூவை எடுத்து நேரம் எழுதி அலமாரியில் வைப்பது வழக்கம். தினமும் காலையில் எடுத்ததை மட்டும் உடைத்துப் பார்ப்போம். சாயங்காலத்து ஷூக்களை யாரும் தொட்டதில்லை.

நான் மூன்றை எடுத்தேன். திங்கள் நான்கு மணி, புதன் மூன்றே முக்கால், செவ்வாய் நாலரை. செவ்வாயைக் கடைசியாகத்தான் எடுத்தேன்.

திங்கட்கிழமையுடையதை இடுக்கியில் பூட்டி, பட்டைக்கும் உலோகத்துக்கும் நடுவில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். பட்டை நொறுங்கியது. பாதி உலோகத்தோடே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். புதன்கிழமையுடையதும் நொறுங்கித்தான் போனது.

செவ்வாய்க்கிழமையுடையதற்குச் சுத்தியலே தேவைப்படவில்லை. உளியை வைத்துக் கையால் நெம்பினேன். பட்டை முழுதாகக் கழன்று மேசையில் விழுந்தது. உலோகம் துடைத்து வைத்ததுபோலப் பளபளத்தது. பசையின் மேல் விரலை வைத்தேன். லேசாக ஒட்டியது.

அந்த முறை ஓவனுக்குள் இருந்தவை அறுநூறு ஷூக்கள். எந்தப் பெட்டியில் எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு துண்டுகளையும் துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். சாரின் அறைக்கு மூன்று முறை போனேன். முதல் முறை போனில் இருந்தார். இரண்டாவது முறை, "சீக்கிரம் சொல்லும்மா" என்றார். "ஒண்ணும் இல்ல சார்" என்று திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை அவரே என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் லெட்டரு டைப் ஆவுது. திங்கக்கெழம வாங்கிக்க. ஊட்டுல சொல்லு." கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பேசாமல் இருந்தால் திங்கட்கிழமை வரும். கடிதம் வரும். அந்த அறுநூறும் எங்கெங்கோ போய்ச் சேரும். எங்கே என்று எனக்குத் தெரியவே போவதில்லை. தெரியாமலே நாள்தோறும் காத்திருக்க வேண்டும்.

நான்கு மணியாக இன்னும் ஐந்து நிமிடம். முற்றத்தில் லாரியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். டிரைவர் முனிகிருஷ்ணன் இன்ஜினைப் போட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சார் காகிதக் கட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். சிரஞ்சீவி அண்ணன் கடைசிப் பெட்டிகளை ஏற்றிவிட்டு நிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சாருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சார், லாரிய நிறுத்துங்க."

இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா?"

"நிறுத்துங்க சார்."

"கத்திச் சொல்லும்மா. காதுல வுழல."

பெட்டி ஏற்றியவர்கள் எட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். செக்யூரிட்டி இருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதுவரை எட்டுப் பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து அவர் கையில் வைத்தேன். பளபளத்த உலோகத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. முனிகிருஷ்ணனைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"இது எந்த ஷூ?"

"செவ்வாக்கெழம நாலரை மணி சார். இந்த லாட்டு."

"செவ்வாக்கெழம ரீடிங்க நேத்துதான பாத்தேன்? நூத்தி எண்பதுன்னு நின்னுதே." சட்டென்று சிரஞ்சீவி அண்ணன் பக்கம் திரும்பினார். "டேய், இங்க வாடா. இன்னாடா பண்ணி வெச்சே?"

அண்ணன் நிழலிலிருந்து வெளியே வந்தார். அவர் என்னைப் பார்த்தார்.

"அவரு இல்ல சார்" என்றேன். "நான் எழுதுன ரீடிங்கு அது. லாப்டாப் ஒம்பது தடவ ஆஃப் ஆச்சு, ஒம்பது தடவயும் நான்தான் எழுதுனேன்."

"ஓவன் சூடாத்தான கீதுன்னு நெனிச்சி எழுதிட்டே. அதான?" என்றார். அவர் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. எனக்கு ஒரு வழியைத் திறந்து காட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு தடவைக்கு அது உண்மையும்கூட.

"செவ்வாக்கெழம லாப்டாப் சீக்கிரமா எழும்பிட்ச்சு சார்" என்றேன். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நூத்தி முப்பத்தி நாலு காட்டுச்சு. நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் நூத்தி எண்பதுன்னு எழுதுனேன்."